பாம்பு நாக்கு மசாலா

தோம்லூர் மேம்பாலத்தின் பக்கவாட்டில், இரண்டாம் மாடி.
உருளை வறுவல் பாக்கெட்டின் முதுகைத்
தமிழாக்குவது என் பிழைப்பு.
சொல்லுக்கு எண்பது பைசா.
வேர் தோண்டினால் கூலி கிடையாது;
ஆனாலும் தோண்டுவேன், சாப்பாட்டு இடைவேளையில்.

பக்கத்து நாற்காலியில் கன்னடத்துக்கு ஜலஜாட்சி.
என் புளி அவளிடம் போனால் ஹுளி.
என் புலியும் அவளிடம் ஹுலிதான்.
பகரம் உதிர்ந்துவிட்டது,
நாக்கு மடங்கும் இடம் மட்டும் மாறவில்லை.

கிரிஸ்பி என்றால் மொறுமொறு. முடிந்தது.
இன்னும் கீழே போனால், லத்தீனில்
அது சுருட்டை முடி.
ஓரம் சுருண்ட எதையோ பார்த்து
எவனுக்கோ யாருடைய தலையோ ஞாபகம் வந்திருக்கிறது.
சொன்னேன்.
ஜலஜாட்சி தன் கூந்தலைத் தொட்டுப் பார்த்து,
"அப்போ நானும் மொறுமொறுவா?" என்றாள்.

டேஸ்ட் என்பது முதலில்
நாக்கின் சொல்லே இல்லை. விரலின் சொல்.
பழைய பிரெஞ்சில் தடவிப் பார்ப்பது.
கரண்ட் போன இரவில் தீப்பெட்டி தேடும் கை
அந்தக் கணக்கில்
டேஸ்ட் பார்த்துக்கொண்டிருக்கிறது.
இதை வியந்தபடி மர்பி டவுன் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.
தோசையை வைத்துவிட்டு சர்வர் கேட்டார்:
"தொட்டுக்க என்ன சார்?"

ஸ்வீட்டும், பேசியே ஆளை இணங்கவைக்கும் பெர்சுவேடும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம்.
எங்கள் மேலாளர் அங்கித் பட்நாகருக்கு
இதற்கெல்லாம் அகராதி தேவையில்லை.
"அடுத்த வாரம் கட்டாயம், பிரதர்.
உங்கள் தமிழ் எவ்வளவு இனிமை!"
அவருக்குத் தமிழ் தெரியாது.

சம்பளம்:
சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்பார்கள்.
ஆங்கிலக்காரனின் சேலரியிலும் உப்பு என்பார்கள்.
இரண்டும் எவ்வளவு நிஜமோ தெரியாது.
என் கணக்கில்
மூன்று மாதமாக நெல்லும் இல்லை, உப்பும் இல்லை.

சேவரிக்குத் தமிழ் தேடிய அன்றுதான்
அந்த லத்தீன் வினையைக் கண்டேன்:
சுவைப்பதும் அறிவதும் அதற்கு ஒன்றே.
என்ன பெரிய அதிசயம் என்று நினைத்தேன்.
மிளகாய்க்கும் மண்டைக்கும்
நாமும் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்.
பட்நாகர் தரப்போவதில்லை.
உறைத்தது.

மிச்சமிருந்தது டாங்கி.
புளிப்பு போதாது, காரம் பொருந்தாது,
சுரீர் என்றால் ஊசி குத்தியது போல.
அகராதியோ நேராகப் புற்றுக்குள் கூட்டிப்போனது:
ஒரு காலத்தில் டாங் என்றால் பாம்பின் நாக்கு,
கொட்டும் கொடுக்கு.
ஜலஜாட்சியைச் சிரிக்கவைக்க
அந்தக் கட்டத்தில் எழுதினேன்: பாம்பு நாக்கு மசாலா.
சிரித்தாள். "மாத்திடு" என்றாள்.
மாற்றுவதாகத்தான் இருந்தேன்.
அப்போது பட்நாகர் கூப்பிட்டார்,
அடுத்த வாரம், பிரதர்.
கோப்பை அப்படியே அனுப்பினேன்.
மறதி என்று கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

நாற்பதாயிரம் பாக்கெட்.
முதன்முறையாக அவர் குரலில் சர்க்கரை இல்லை.
கடிப்பதும் கசப்பும் அவர்கள் மொழியில்
ஒரே பல்லில் முளைத்தவை; கேட்டுக்கொண்டேன்.
வேலை போனது. பாக்கி
எப்படியோ பாதி வந்தது.

நேற்று அல்சூர் சந்தையோரப் பெட்டிக்கடையில்
சரம் சரமாகத் தொங்கின.
ட்யூஷன் பை மாட்டிய ஒரு பையன்
முன்பக்கத்து ஆங்கிலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை;
முதுகைத் திருப்பி, எழுத்துக்கூட்டி,
"அண்ணா, பாம்பு நாக்கு ஒண்ணு" என்றான்.
கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுத்தார்.

நான்கு வறுவல் உள்ளே போனது.
கண்ணில் நீர்.
நாக்கை வெளியே நீட்டிக் காற்றை இழுத்தான்,
ஸ்ஸ்ஸ்ஸ்.